பெட்டை நாய்க்குக் கருத்தடை: ஆறு மாதத்திலா, ஒன்றரை வயதிலா?

கேள்வி, தேவகோட்டையிலிருந்து
14 ஜூன் 2023

எங்கள் வீட்டுப் பெட்டைக்கு ஏழு மாதம். கோம்பையும் நாட்டு நாயும் கலந்தது. எடை 13 கிலோ. இன்னும் ஹீட்டுக்கு (இணை சேரும் பருவத்துக்கு) வரவில்லை. ஒரு டாக்டர் இப்போதே ஆபரேஷன் செய்துவிடலாம் என்கிறார். இன்னொருவர் ஒன்றரை வயது ஆகட்டும் என்கிறார். ஒரு ஈத்து போட்டால்தான் உடம்பு தேறும், அதுவரை கை வைக்காதே என்பது என் மாமனார் கட்சி. மூன்று பேர் மூன்று விதமாகச் சொன்னால் நான் யார் பேச்சைக் கேட்பது?

பதில்
14 ஜூன் 2023, இரவு

பொறுங்கள். ஒன்றரை வயது ஆகட்டும்.

எங்கள் ராஜா லேப்ரடார். 2015-இல் சென்னையிலிருந்து தம்பி கொண்டுவந்து விட்டான். ஐந்து மாதத்திலேயே காயடித்துவிட்டோம். சின்ன வயதில் செய்தால் சீக்கிரம் ஆறிவிடும் என்றார்கள். அன்றைக்கு எனக்கு ஒன்றும் தெரியாது, சரி என்று விட்டுவிட்டேன். புண் சீக்கிரம் ஆறியது உண்மைதான். ஆனால் நாலாவது வயதில் ஒரு நாள் முற்றத்திலிருந்து தாழ்வாரத்துக்கு ஏறும்போது பின்னங்கால் வழுக்கியது. முழங்காலுக்குள் இருக்கிற தசைநார் கிழிந்துவிட்டது. மூன்று காலில் நின்றுகொண்டு என்னைப் பார்த்தான். அந்தப் பார்வை இன்றைக்கும் என் கண்ணில் நிற்கிறது.

நான் ஆத்தங்குடியில் தரைக்குப் பதிக்கிற கல் செய்கிற பட்டறை வைத்திருக்கிறேன். வீடு முழுக்க எங்கள் கல்தான். கண்ணாடி மேல் வார்க்கிற கல், நடக்க நடக்க மெருகேறும். மனிதனுக்கு அழகு, மூட்டு பலவீனமான நாய்க்கு எண்ணெய் கொட்டின தரை. அன்றையிலிருந்து அவன் நடக்கிற வழி முழுக்க ரப்பர் விரிப்பு போட்டிருக்கிறேன்.

கால் எலும்பின் இரண்டு நுனியிலும் வளர்கிற குருத்துப் பகுதி ஒன்று உண்டு. பருவம் வரும்போது சுரக்கிற ஹார்மோன்தான் அதை மூடச் சொல்கிறது. விதையையோ சினைப்பையையோ முன்கூட்டியே எடுத்துவிட்டால் மூடுவது தள்ளிப்போகும். எலும்பு கொஞ்சம் கூடுதலாக நீளும், மூட்டின் கோணம் மாறும். பெரிய சாதி நாய்க்கு எலும்பு முதிர ஒரு வயது, ஒன்றரை வயது ஆகிவிடும். அதற்காகத்தான் பொறுக்கச் சொல்கிறேன்.

15 ஜூன் 2023, காலை

நேற்று எழுதியதை இப்போது படித்தேன். அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். ராஜா கடுவன், 40 கிலோ. உங்களுடையது பெட்டை, 13 கிலோ. ராஜாவுக்கு வைக்க வேண்டிய கணக்கை உங்கள் நாய்க்கு வைத்துவிட்டேன்.

பெட்டை என்றால் எனக்கு ராஜாவுக்கு முன்னால் செவலை ஞாபகத்துக்கு வந்திருக்க வேண்டும். அவளைப் பற்றி எழுதுவது எனக்குச் சுலபம் இல்லை. அதனால்தான் நேற்று தாண்டிப் போய்விட்டேன் என்று நினைக்கிறேன்.

15 ஜூன் 2023, மதியம்

செவலை நாட்டு நாய். 2006-இல் குன்றக்குடி சாலை ஓரத்தில் குட்டியாகக் கிடைத்தாள். எட்டு வருஷம் இருந்தாள். அவளுக்கு ஆபரேஷன் செய்யவே இல்லை. அந்த நினைப்பே எங்கள் வீட்டில் யாருக்கும் வரவில்லை. ஹீட் வரும்போது பின்கட்டில் கட்டிப்போடுவோம், முடிந்ததும் அவிழ்த்துவிடுவோம், அவ்வளவுதான்.

2014 பங்குனியில் அவளுக்கு ஹீட் வந்து போனது. சித்திரையில் தண்ணீர் அதிகமாகக் குடிக்க ஆரம்பித்தாள். முற்றத்துப் பித்தளை அண்டாவில் வாய் வைத்தால் எடுக்கவே மாட்டாள். வெயில் அப்படி, குடிக்கட்டும் என்று அம்மா ஒரு சட்டியில் தனியாக ஊற்றி வைத்தார்கள். அப்புறம் சோறு குறைந்தது. பிறகு வாந்தி. முதலில் காட்டிய இடத்தில் வயிற்றுக் கோளாறு என்று ஊசி போட்டு அனுப்பினார்கள். கடைசியாக எப்போது ஹீட் வந்தது என்று அவர்கள் கேட்கவில்லை. சொல்ல வேண்டும் என்று எனக்கும் தெரியவில்லை. மூன்றாம் நாள் வேறு இடத்தில் வயிற்றைத் திறந்தபோது கர்ப்பப்பை முழுக்கச் சீழ். அன்று ராத்திரியே போய்விட்டாள்.

இதற்குப் பயோமெட்ரா என்று பெயர். ஹீட் முடிந்து ஒன்றிரண்டு மாதத்துக்குள் வரும். சில நாய்க்குப் பின்பக்கம் சீழ் வடியும், அதைப் பார்த்தாவது கண்டுபிடிக்கலாம். கர்ப்பப்பை வாய் மூடிக்கொண்டால் வெளியே ஒன்றுமே தெரியாது. செவலைக்கு மூடிக்கொண்ட வகை.

ஸ்வீடனில் காரணம் இல்லாமல் வீட்டு நாய்க்குக் கருத்தடை செய்கிற வழக்கம் இல்லை. அதனால் அங்கே இந்த நோய்க்கு நல்ல கணக்கு இருக்கிறது. இன்சூரன்ஸ் செய்த நாய்களை வைத்துப் பார்த்ததில், பத்து வயதுக்குள் ஏறக்குறைய நாலில் ஒரு பெட்டைக்கு இது வந்திருக்கிறது. இதைப் படித்த அன்று பட்டறைக்குப் போக மனம் வரவில்லை.

ஆகவே பெட்டைக்கு ஆபரேஷன் வேண்டுமா, வேண்டாமா என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வேண்டும். எப்போது என்பதில்தான் பேச்சு.

15 ஜூன் 2023, இரவு

மார்பில் வருகிற கட்டி ஒன்று விட்டுப்போய்விட்டது. முதல் ஹீட்டுக்கு முன்னால் செய்தால் 0.5%, முதல் ஹீட்டுக்குப் பின் 8%, இரண்டாவது ஹீட்டுக்குப் பின் 26% என்று 1969-இல் வந்த அமெரிக்க ஆராய்ச்சி ஒன்று சொல்கிறது. டாக்டர்கள் ஆறு மாதம் என்று சொல்வதற்கு இந்த மூன்று எண்கள்தான் பெரிய காரணம்.

17 ஜூன் 2023

மாமனார் சொல்கிற ஈத்து பற்றி.

மாட்டைப் பார்த்துப் பழகினவர்கள் இப்படிச் சொல்வது இயல்பு. கிடேரி ஒரு கன்று ஈன்றால்தான் மடி இறங்கும், பால் வரும், மதிப்பு வரும். நாய்க்கு அந்தக் கணக்கு இல்லை. ஒரு ஈத்து போட்டதால் எந்த நோயும் வராமல் போகாது. கர்ப்பப்பைச் சீழும் வராமல் போகாது, மார்புக் கட்டியும் வராமல் போகாது. 63 நாள் சுமந்து, ஐந்து ஆறு குட்டி போட்டு, அதற்குப் பால் கொடுத்து எலும்பும் தோலுமாக நிற்பதுதான் மிச்சம். அதன் பிறகு அந்தக் குட்டிகளை யார் வாங்குவார்கள்? கடுவன் குட்டியைக் கேட்டு வருவார்கள். பெட்டைக் குட்டியை ராத்திரி சாக்கில் கட்டிக்கொண்டுபோய் அடுத்த ஊர் கண்மாய்க்கரையில் விடுகிறார்கள். செவலை எனக்குக் கிடைத்ததே அப்படித்தான் இருக்கும்.

அவரிடம் சண்டை போடாதீர்கள். "மாமா, பெட்டைக் குட்டி நாலு பிறந்தால் நீங்கள்தான் வீடு தேடிக் கொடுக்க வேண்டும்" என்று பக்குவமாகக் கேட்டுப் பாருங்கள்.

18 ஜூன் 2023

15-ஆம் தேதி இரவு எழுதிய எண்களில் நான் செய்த தவறை இங்கே ஒருவர் சரியாகப் பிடித்தார். திருத்தி எழுதுகிறேன்.

26% என்றால் நூறு நாயில் 26 நாய்க்குக் கட்டி வரும் என்று அர்த்தம் இல்லை. நான் பல வருஷமாக அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன், பட்டறைக்கு வருகிறவர்களிடமும் அப்படியே சொல்லியிருக்கிறேன். கருத்தடையே செய்யாத நாய்க்கு இருக்கிற ஆபத்தை நூறு என்று வைத்தால், இரண்டு ஹீட்டுக்குப் பின் செய்த நாய்க்கு அது 26 என்பதுதான் பொருள். முதல் ஹீட்டுக்குப் பின் செய்தால் 8. அதாவது தாமதமாகச் செய்தாலும் பலன் போய்விடுவதில்லை, குறைகிறது. தலைகீழாகப் புரிந்துகொண்டு இரண்டு ஹீட் முடிந்துவிட்டது, இனிமேல் செய்து என்ன பயன் என்று விட்டவர்கள் எத்தனை பேரோ. என் பேச்சைக் கேட்டு விட்டவர்களும் இருக்கலாம். அவர்களிடம் நேரில் போய்ச் சொல்லப் போகிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தப் பழைய ஆராய்ச்சியையும் அது போன்றவற்றையும் 2012-இல் மறுபடி அலசிப் பார்த்தவர்கள் சான்று அவ்வளவு வலுவாக இல்லை என்று எழுதினார்கள். ஆகவே இந்த மூன்று எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டு ஆறு மாதத்தில் ஓட வேண்டியதில்லை. பயோமெட்ரா கணக்கு வேறு. அது வயது ஏற ஏறக் கூடுகிற ஆபத்து, ஒரு வயதுக்குள்ளோ ஒன்றரை வயதுக்குள்ளோ செய்தாலும் காப்பாற்றிவிடலாம்.

22 ஜூன் 2023

பள்ளத்தூரிலிருந்து ஓர் அம்மா கேட்கிறார்கள்: லேப்ரடார் கடுவன், எட்டு மாதம், விருந்தாளி காலைப் பிடித்துக்கொண்டு ஏறுகிறது, காயடித்தால் நிற்குமா?

ஏறுவது குறையும். வாசல் திறந்தால் ஓடுவது நன்றாகக் குறையும். தூணுக்குத் தூண் காலைத் தூக்குவதும் குறையும். பயத்தில் குரைக்கிற, பயத்தில் கடிக்கிற நாய்க்கு இது மருந்து இல்லை. சில பயந்த நாய் ஹார்மோன் போனபின் இன்னும் பயப்படுகிறது. காவல் குணம் போய்விடுமோ என்ற கவலை வேண்டாம். ராஜா எட்டு வயதிலும் தபால்காரர் சைக்கிள் தெருமுனை திரும்பும்போதே எழுந்துவிடுவான்.

வயது என்று கேட்டால், உங்களுடையதுக்கு ஒரு வயது தாண்டட்டும். எட்டு மாதத்துக் குறும்பு பாதி வயசுக் கோளாறு. நடக்க வைத்தால் தணியும்.

ஒன்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், ஆச்சி. விதை இரண்டும் இறங்கியிருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். பொதுவாக இரண்டு மாதத்திலேயே இறங்கிவிடும். ஆறு மாதம் ஆகியும் ஒன்று வயிற்றுக்குள்ளேயே நின்றால் பின்னால் அதில் புற்று வர வாய்ப்பு கூடுதல். அந்த நாய்க்குக் கட்டாயம் எடுத்துவிட வேண்டும்.

22 ஜூன் 2023, இரவு

காயடித்த அன்றே கடுவன் மலடாகிவிடாது. குழாயில் தங்கிய விந்து சில வாரம் இருக்கும். ஒன்றரை மாதம் பெட்டையிடம் விடாதீர்கள்.

2 ஜூலை 2023

நாய்க்குக் கருத்தடை வயது பற்றி அதிகம் பேசப்படுவது கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் செய்த ஆராய்ச்சிதான். என் தம்பி மகள் கால்நடை மருத்துவம் படிக்கிறாள். விடுமுறைக்கு வந்தவளைப் பக்கத்தில் உட்காரவைத்து வரி வரியாகப் படிக்கச் சொல்லிக் கேட்டேன்.

2013-இல் கோல்டன் ரிட்ரீவரில் ஆரம்பித்தார்கள். 2014-இல் லேப்ரடாரையும் சேர்த்து ஒப்பிட்டார்கள். ஆறு மாதத்துக்கு முன் கருத்தடை செய்த லேப்ரடாருக்கு மூட்டுக் கோளாறு ஏறக்குறைய இரண்டு மடங்கு. கோல்டனுக்கு நாலு ஐந்து மடங்கு. 2020-இல் 35 சாதி நாய்களுக்குத் தனித்தனியாகப் போட்டார்கள். ஜெர்மன் ஷெப்பர்டு என்றால் ஏறக்குறைய இரண்டு வயது வரை பொறுக்கச் சொல்கிறார்கள். சிவாவா, டாக்ஸ்ஹண்ட் மாதிரிக் குட்டை நாய்களுக்கு வயதால் மூட்டில் வித்தியாசம் தெரியவில்லை.

அந்த 35-இல் நம் ராஜபாளையம் இல்லை. சிப்பிப்பாறை இல்லை, கன்னி இல்லை, கோம்பை இல்லை. 2005-இல் ராஜபாளையம் நாய்க்குத் தபால்தலை போட்டார்கள், பெருமையாக இருந்தது. அதன் மூட்டுக்கும் ஒரு கணக்கு யாராவது போட வேண்டும். நம் நாய்கள் எந்த வயதில் முதிர்கின்றன என்று நம் ஊர்க் கல்லூரிகளில் எடுத்துப் பார்த்தால் எத்தனையோ வீட்டுக்கு உதவும்.

நமக்கு உதவுகிற இன்னொரு ஆராய்ச்சியும் அதே கூட்டம் 2020-இல் வெளியிட்டது. கலப்பு நாய்களை வளர்ந்தபின் வருகிற எடையை வைத்துப் பிரித்தார்கள். 20 கிலோவுக்குக் கீழே நிற்கிற நாய்க்கு வயதால் மூட்டில் ஆபத்து கூடவில்லை. 20 கிலோவும் அதற்கு மேலும் போகிற நாய்க்கு ஒரு வயதுக்கு முன் செய்தால் கூடுகிறது.

தேவகோட்டைப் பெட்டை ஏழு மாதத்தில் 13 கிலோ. வளர்ந்தால் 17, 18 கிலோவில் நிற்கும். எல்லைக்குக் கீழேதான். அதனால் 14-ஆம் தேதி நான் எழுதிய ஒன்றரை வயது உங்களுக்குத் தேவையே இல்லை. இப்போது செய்யச் சொன்ன டாக்டர் தவறாகச் சொல்லவில்லை. ஒரு ஹீட் பார்த்துவிட்டுச் செய்தாலும் தவறில்லை.

ராஜா விஷயத்தில் ஒன்று சேர்க்க வேண்டும். அவன் தசைநார் கிழிந்ததற்கு ஐந்து மாத ஆபரேஷன்தான் காரணம் என்று ஒரு நாயை வைத்து யாரும் சொல்ல முடியாது. பட்டறை ஆட்கள் மிச்சம் வைக்கிற சோற்றையெல்லாம் அவனுக்குப் போட்டேன். 33 கிலோ இருக்க வேண்டியவன் 41 வரை போனான். கருத்தடைக்குப் பின் நாயின் உடம்புக்குச் சாப்பாட்டுத் தேவை குறையும். அன்றிலிருந்தே நாலில் ஒரு பங்கு குறைத்திருக்க வேண்டும். எடையும் அந்த முழங்காலை அழுத்தியிருக்கிறது. அந்தப் பொறுப்பு என்னுடையது.

3 ஜூலை 2023

அப்படியானால் ஒரே நாளில் முடிவு சொல்லுங்கள், இப்போதா பிறகா என்று கேட்கிறார்கள்.

உங்கள் வீட்டுக்கு எத்தனை வாசல்?

3 ஜூலை 2023, இரவு

விளையாட்டுக்குக் கேட்கவில்லை. நம் பக்கத்துப் பழைய வீடு என்றால் முகப்பில் நுழைந்து, வளவு தாண்டி, இரண்டாங்கட்டு தாண்டி, அடுப்படி வழியாகப் பின் தெருவில் இறங்கலாம். காலையில் பால்காரர் முன்வாசல், வேலைக்கு வருகிறவர்கள் பின்வாசல். இரண்டு கதவும் பகல் முழுக்கத் திறந்தே கிடக்கும், அதுதான் காற்று. அப்படிப்பட்ட வீட்டில் ஹீட்டில் இருக்கிற பெட்டையை மூன்று வாரம் அடைத்துவைக்க முடியுமா என்று உங்களையே கேட்டுப் பாருங்கள்.

முடியாது என்றால் இப்போதே செய்துவிடுங்கள். முடியும் என்றால் முதல் ஹீட் வரட்டும். அது முடிந்து இரண்டரை, மூன்று மாதம் கழித்துச் செய்யலாம். ஹீட்டிலும் அதை ஒட்டியும் செய்யக் கூடாது. ரத்தக்குழாய் எல்லாம் பருத்திருக்கும், ரத்தப்போக்கு கூடுதல்.

எங்கள் மின்னல் சிப்பிப்பாறைப் பெட்டை. 2020-இல் வந்தாள். அவளுக்கு நான் பொறுத்தேன். பதின்மூன்றாம் மாதம் ஹீட் வந்தது, பதினாறாம் மாதம் ஆபரேஷன். பொறுக்க முடிந்ததற்குக் காரணம் என் மனைவி. மூன்று வாரமும் பின்கதவுச் சாவியை இடுப்பிலிருந்து இறக்கவில்லை.

20 ஆகஸ்ட் 2023

ஹீட்டே வராமல் ஊசி போட்டுத் தள்ளிவைக்கலாமாமே என்று கேட்டவருக்கு: தயவுசெய்து வேண்டாம். அது புரொஜெஸ்டிரோன் வகை ஹார்மோன். கர்ப்பப்பையில் சீழ் பிடிக்கிற ஆபத்தை அதுவே கூட்டும். தவறிப்போய்ச் சேர்ந்துவிட்டால் கலைக்கப் போடுகிற ஈஸ்டிரஜன் ஊசியும் அப்படித்தான். கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன், செவலையை நினைத்துச் சொல்கிறேன்.

24 அக்டோபர் 2023

தேவகோட்டையிலிருந்து செய்தி: ஆயுத பூஜைக்கு முன்னால் தரையில் ரத்தச் சொட்டு பார்த்தார்களாம். முதல் ஹீட். பொறுப்பது என்றே முடிவு செய்திருக்கிறார்கள்.

ரத்தம் நின்றதும் முடிந்தது என்று அவிழ்த்துவிடாதீர்கள். எல்லாரும் இங்கேதான் ஏமாறுகிறார்கள். முதல் ஒன்பது பத்து நாள் ரத்தம் இருக்கும், அப்போது பெட்டையே கடுவனை விரட்டும். ரத்தம் வெளுத்து நிற்கிற சமயத்தில்தான் அது சம்மதிக்கும். முழுசாக மூன்று வாரம் எண்ணுங்கள். காலண்டரில் சுழித்து வையுங்கள். வெளியே கூட்டிப்போனால் கயிறு கையில் இருக்கட்டும். மொட்டை மாடி பத்திரம் என்று நினைக்காதீர்கள். இங்கே மாடிக்கு மாடி ஒட்டியிருக்கும், நாய் தாண்டும்.

25 அக்டோபர் 2023

மழைக்காலம் வந்தால் எங்கள் தெருவிலும் இதே கதைதான். பத்துப் பதினைந்து கடுவன் ஒரு பெட்டையின் பின்னால். மார்கழி, தை பிறந்தால் பூட்டிக்கிடக்கிற பெரிய வீடுகளின் திண்ணையில் குட்டிச் சத்தம். சொந்தக்காரர்கள் சென்னையில், சிங்கப்பூரில். வீட்டைப் பார்த்துக்கொள்கிற அண்ணன் ஒருவர், தன் சாப்பாட்டிலிருந்து பால் வாங்கி ஊற்றுகிறார். போன தையில் ஏழு குட்டியில் ஐந்து பார்வோ வைரஸ் நோயில் போய்விட்டது. இரண்டு நாளில் ஐந்து குழி. அவர் வெட்டினார், நான் மண் தள்ளினேன்.

தெருப் பெட்டைக்கு நான் ஹீட் பார்க்கச் சொல்ல மாட்டேன். மூட்டுக் கணக்கும் சொல்ல மாட்டேன். அதற்குக் கதவு கிடையாது. ஐந்து ஆறு மாதத்தில், முதல் ஈத்துக்கு முன்னால் செய்துவிட வேண்டும். வெறிநாய்த் தடுப்பூசியும் அதோடு போட வேண்டும். ஆபரேஷன் முடிந்தால் பிடித்த இடத்திலேயே கொண்டுவந்து விட வேண்டும் என்பது தெருநாய்க் கருத்தடைக்கான 2001 விதியிலும் இருந்தது, 2023-இல் வந்த புதிய விதியிலும் இருக்கிறது. காதில் சின்ன வெட்டு இருந்தால் செய்தாகிவிட்டது என்று அடையாளம். அதைக் காயம் என்று நினைத்து மஞ்சள் பூசினவர்கள் எங்கள் ஊரில் உண்டு, நல்ல மனசுக்காரர்கள்.

வீட்டு நாய்க்கு ஒரு வயது, தெரு நாய்க்கு ஒரு வயது என்று சொல்கிறீர்களே என்று கேட்கலாம். ஆமாம், அப்படித்தான் சொல்கிறேன். நாயின் உடம்பு ஒன்றுதான், அது வாழ்கிற இடம் வேறு.

26 அக்டோபர் 2023

கடுவன்காரர்கள் இதில் எங்களுக்கு என்ன என்று இருக்க வேண்டாம். புதுவயலில் ஒருவருடைய நாய்க்கு ஆண்குறியிலிருந்து ரத்தம் சொட்டுகிறது, நீர்க்கடுப்பு என்று நினைத்து இளநீர் கொடுத்துக்கொண்டிருக்கிறார். உறையைப் பின்னுக்குத் தள்ளிப் பார்க்கச் சொன்னேன். காலிஃபிளவர் மாதிரிச் சதைக்கட்டி. சேர்க்கையில் நாய்க்கு நாய் ஒட்டுகிற புற்று அது. வாரம் ஒரு வின்கிறிஸ்டின் ஊசி, நாலிலிருந்து ஆறு வாரம் போட்டால் பெரும்பாலும் கரைந்துவிடும். பாதியில் நிறுத்தக் கூடாது. தெருவில் சுற்றாத நாய்க்கு இது வர வழியே குறைவு.

10 டிசம்பர் 2023

தேவகோட்டைக்கு: ஹீட் முடிந்து ஒரு மாதம் ஆகிவிட்டது. இந்த மாதம் தண்ணீர்ச் சட்டியைக் கவனியுங்கள். ஒரு நாளைக்கு எத்தனை தடவை நிரப்புகிறீர்கள் என்று எண்ணுங்கள். கூடினால் எனக்கு எழுதிக்கொண்டு இருக்காதீர்கள், நேரே டாக்டரிடம் போய் ஹீட் முடிந்த தேதியை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

21 ஜனவரி 2024

பொங்கல் முடிந்து ஆபரேஷனுக்கு நாள் குறித்துவிட்டார்களாம். ரத்தப் பரிசோதனை செய்தீர்களா? இளம் நாய்க்கு எதற்குச் செலவு என்று விட்டுவிடாதீர்கள். நம் பக்கம் உண்ணி அதிகம். ஆட்டுக் கிடை, மாட்டுக் கொட்டம், கருவேலங்காடு எல்லாம் வீட்டுக்குப் பக்கத்திலேயே. உண்ணிக் காய்ச்சல் ரத்தத்தில் மறைந்திருந்தால் நாய் நன்றாகவே ஓடியாடும். ஆனால் ரத்தம் உறைய வேண்டிய தட்டணு குறைந்திருக்கும். அப்படியே மேஜையில் படுக்கவைத்தால் ரத்தம் நிற்காது.

23 ஜனவரி 2024

செய்தார்கள். தட்டணு குறைவு. உண்ணிக் காய்ச்சல்.

ஆபரேஷன் தள்ளிப்போய்விட்டது. டாக்ஸிசைக்ளின் நாலு வாரம் கொடுக்கச் சொல்லியிருக்கிறார். வெறும் வயிற்றில் கொடுக்காதீர்கள், வாந்தி எடுக்கும். சோற்றில் வைத்துக் கொடுங்கள். வருத்தப்படாதீர்கள். அடுத்த ஹீட் வர இன்னும் மூன்று மாதம் இருக்கிறது, நேரம் போதும். இந்த ஒரு பரிசோதனை உங்கள் நாயைக் காப்பாற்றியிருக்கிறது. படித்துவிட்டு எனக்குக் கண் கலங்கிவிட்டது.

24 பிப்ரவரி 2024

தட்டணு ஏறிவிட்டதாம். 27-ஆம் தேதி ஆபரேஷன்.

முந்தின ராத்திரி சோறு, அதன்பின் ஒன்றும் வேண்டாம். தண்ணீர் டாக்டர் சொல்கிற நேரம் வரை. எடையை அன்று காலை பார்க்கச் சொல்லுங்கள், மயக்க மருந்து எடைக்குத்தான். சிப்பிப்பாறை, கன்னி மாதிரி ஒல்லி ஓட்ட நாய் வைத்திருக்கிறவர்கள் இதையும் கேளுங்கள்: அந்த வகைக்கு உடம்பில் கொழுப்பு குறைவு, தயோபென்டோன் என்கிற மயக்க மருந்து போட்டால் தெளிய வெகுநேரம் ஆகும். மின்னலுக்கு நான் முன்கூட்டியே சொன்னேன், டாக்டர் வேறு மருந்து கொடுத்தார். சாயங்காலமே எழுந்து உட்கார்ந்தாள்.

பெரிய பெட்டைகளில் சிலவற்றுக்கு ஆபரேஷனுக்குப் பல மாதம், வருஷம் கழித்துத் தூக்கத்தில் சிறுநீர் கசிவது உண்டு. மாத்திரையில் கட்டுப்படும். நாய் வேண்டுமென்று செய்கிறது என்று அடிக்காதீர்கள். சொல்லாமல் விட்டால் தவறு என்பதால் சொல்கிறேன்.

27 பிப்ரவரி 2024, இரவு

நல்லபடியாக முடிந்ததாம். 15 மாதம், 17 கிலோ 200. மாமனார்தான் ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறார். வீட்டில் வழவழப்பான தரை என்றால் கோணிச் சாக்கு விரித்துப் படுக்கவையுங்கள். முழுசாகத் தெளிகிறவரை தண்ணீர்ச் சட்டியைப் பக்கத்தில் வைக்காதீர்கள், தலை தொங்கி மூக்கில் ஏறிவிடும். ராத்திரி ஒருவர் கூட இருங்கள்.

1 மார்ச் 2024

தையலை நக்காமல் இருக்கக் கழுத்தில் மாட்டின கூம்பை நாய் கிழித்துவிட்டது, என்ன செய்வது என்கிறார்கள். பழைய பனியன் ஒன்று எடுங்கள். தலையும் முன்னங்காலும் நுழைத்து, பின்பக்கம் வாலுக்கு மேலே முடிச்சு. வெளியே போகும்போது அவிழ்த்துவிடுங்கள். ஈரமானால் மாற்றுங்கள். தையலை நக்கவிடக் கூடாது, அதுதான் முக்கியம்.

10 மார்ச் 2024

பன்னிரண்டாம் நாள் தையல் பிரித்தார்கள். புண் காய்ந்திருக்கிறது. மாமனாருடைய பனியன் மூன்று போய்விட்டதாம். நாலாவதை அவரே கொண்டுவந்து கொடுத்தாராம். இன்றையிலிருந்து சோற்றை நாலில் ஒரு பங்கு குறைக்கச் சொல்லி அவரிடம்தான் அளவு டம்ளரைக் கொடுத்திருக்கிறார்கள்.

படம் பார்த்தேன். செவலை மாதிரியே நெற்றியில் ஒரு வெள்ளைக் கோடு.